இரண்டு வீட்டுக்கு ஒரு தாய்மாமன்

தட்டு மாற்றப் போகும் நேரத்தில் இரண்டு மாமாக்களும் ஒன்றாகத் தொண்டையைச் செருமினார்கள்.

கோதை நிமிர்ந்து பார்த்தாள். மண்டபத்தின் இந்தப் பக்கம், பட்டு விரித்த நாற்காலியில் அவளுடைய தாய்மாமன் தங்கவேல். வழுக்கைத் தலை, முறுக்கு மீசை. அந்தப் பக்கம், அதே மாதிரி நாற்காலியில் மாப்பிள்ளை நன்மாறனின் தாய்மாமன் குருசாமி. ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. இருவருமே ஆள் அல்ல, பேசும் திரைகள்தான். அதற்காகச் சம்பிரதாயத்தில் யாரும் குறை வைக்கவில்லை. திரைக்கு மேலே மல்லிகைச் சரம், கீழே தாம்பாளத்தில் புது வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு.

"அட, மொதல்ல பந்தியப் போடுங்கப்பா," என்றார் தங்கவேல்.

"அட, மொதல்ல பந்தியப் போடுங்கப்பா," என்றார் குருசாமி, துளியும் பிந்தாமல்.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க." கட்டைக் குரல் ஒன்று, கீச்சுக் குரல் ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. கோதை சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுப் பழகிய நிறுத்தம் அது. "ஓடினாலும் வெறும் வயித்தோட ஓடக் கூடாது பாருங்க."

பிறகு சிரிப்பு. அதுவும் ஒரே மாதிரி. தோள் குலுங்கி, கடைசியில் ஒரு பெருமூச்சு.

பந்தி பரிமாற நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாறனின் அம்மா இந்திராணி சிரிக்கவில்லை. கையில் எடுத்த தட்டைக் கீழே வைத்தார்.

"சுகந்தி," என்றார், கோதையின் அம்மாவைப் பார்த்து. அதுவரை வாய்க்கு வாய் சம்பந்தி என்றவர். "உங்க அண்ணனும் எங்க அண்ணனும் ஒரே ஆளா?"

சுகந்திக்கு முகம் வெளுத்தது. "அது வந்து... முகம் வேற, பேர் வேறதானே?"

"பேர் என்ன பேர், நாம வச்ச பேரு. ஆளு ஒண்ணா இல்லையா?"

சபையில் பெண்கள் பேசும்போது குறுக்கே பேசாத நல்ல அண்ணன்களாகத் திரைகள் இரண்டும் தலையைக் குனிந்துகொண்டன. அதுவும் ஒரே கோணத்தில்.

"ஒரே தாய்மாமன்னா நானும் நீயும் அக்கா தங்கச்சி. நம்ம பிள்ளைங்க அண்ணன் தங்கச்சி. என்ன காரியம் பண்ணப் பாத்தோம்," என்று நெஞ்சில் கை வைத்தார் இந்திராணி.

"அம்மா, அது மெஷின்மா," என்றான் மாறன்.

"மெஷினா? பொங்கலுக்குப் பொங்கல் எனக்குச் சீர் குடுத்தது மெஷினா? முன்ன நின்னு உனக்குக் காது குத்தி வச்சது மெஷினா? நீ காய்ச்சல்ல கெடந்தப்ப விடிய விடிய உக்காந்து கதை சொன்னாரே, அப்பத் தெரியலையா மெஷின்னு?"

கோதை தன் அம்மாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லும்மா என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஆனால் சுகந்தியின் கண்ணிலும் அதே பயம்தான் இருந்தது. முறை தப்பிய பயம்.

கோதையின் தலைமுறையில் யாருக்கும் மாமா கிடையாது, அத்தை கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று இரண்டு தலைமுறை ஓடியதில் அந்தச் சொற்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஆள் போன பிறகுதான் முறை, சீர், சபையில் யார் முன்னே நிற்பது என்ற கவலையெல்லாம் ஜனங்களுக்கு இரட்டிப்பானது. இல்லாதவன் வீட்டில்தான் பூட்டு பெரிதாக இருக்கும் என்பது போல. அந்தக் கவலையை வைத்து, இல்லாத உறவுகளைத் திரையில் செய்து கொடுத்து வளர்ந்த கம்பெனிதான் உறவகம்.

அன்றைக்குப் பந்தி நடந்தது. நிச்சயதார்த்தம் நடக்கவில்லை.

* * *

"நீங்க எந்த விஷயமா வந்திருக்கீங்க தாயி? சாப்பிட்டீங்களா?" என்றது உறவகத்தின் மதுரைக் கிளை வாசலில் இருந்த திரை. அத்தை ஜாடையில் ஓர் அம்மாள்.

"புகார்."

"ஐயோ, கோவிச்சுக்காதம்மா. உள்ள போ. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் பேசு."

அந்த அம்மாளிடம் கத்த முடியவில்லை. கத்த முடியாதபடிதான் அவளைச் செய்திருந்தார்கள். கோதைக்கு அதுவே எரிச்சலை ஏற்றியது. மூன்று மேஜைகளுக்கு அலைய விட்டார்கள். முதல் மேஜையில் திரை பழுதா என்று கேட்டார்கள். இரண்டாவது மேஜையில் மாமாவுக்குக் குரல் மாற்ற வேண்டுமா என்றார்கள். மூன்றாவது மேஜையில்தான் மனிதர் ஒருவர் இருந்தார். எபினேசர். நாற்பது வயது இருக்கும். புகார்ப் பிரிவின் பொறுப்பாளர்.

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார்.

"தமிழ்நாட்டுக்கு மொத்தம் ஏழு மாமாதான் மேடம்," என்றார் பிறகு.

"ஏழா?"

"அடிப்படைக் குணம் ஏழு. முகம், பேரு, ஊரு, அது உங்க வீட்ல கேட்டு வைக்கிறது. உங்களுக்கும் அவருக்கும் வாய்ச்சது மூணாம் நம்பர். நல்ல ஓட்டம் அவருக்கு. வடக்க போனாக் குறைவு. மதுரை, திண்டுக்கல் பக்கம் பாதி வீட்ல அவருதான்."

"ஏன் ஏழோட நிறுத்தினீங்க?"

"ஒரு மாமாவைச் சரியாச் செய்யவே வருஷக்கணக்கா ஆவுது. எப்பக் கொஞ்சணும், எப்பச் சீண்டணும், பிள்ளை உர்ருன்னு இருந்தா எவ்வளவு நேரம் விட்டுப் பிடிக்கணும். நீங்க சின்னப் பிள்ளையில எப்படி இருந்தீங்க? லேட்டாப் பேசினீங்களா?"

கோதைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உண்மை. நான்கு வயது வரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். கேட்கும் முன்னே எல்லாம் கைக்கு வந்துவிடும் வீடு. பேச அவசியமே இருக்கவில்லை. மாமா வந்த மூன்றாம் நாள், "இந்தப் பொம்மை எனக்குத்தான்," என்று அவர் வம்புக்கு இழுத்ததும்தான், "என்னுது," என்று முதல் சொல் வந்ததாம். அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவாள்.

"அந்தக் காலத்துப் பிள்ளைங்க நிறையப் பேர் அப்படித்தான்," என்றார் எபினேசர். "நான் யாருன்னு பிள்ளைக்கு அதுவாத் தெரியாது. நாலு பேர் நாலு விதமாப் பாத்து, நாலு விதமாப் பேசினாத்தான் இது நான், இது நான் இல்லைன்னு பிடிபடும். அந்த நாலு பேரு இல்லாமப் போச்சு. அதான் நாங்க."

"அந்த நாலு பேரும் எல்லா வீட்லயும் ஒரே நாலு பேரா இருந்தா?"

எபினேசர் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "மேடம், நான் ஒரு பொய் சொல்லட்டுமா, இல்ல..." சற்று நிறுத்தினார். "...ஒரு நல்ல பொய் சொல்லட்டுமா?"

கோதை சிரித்துவிட்டாள். அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு தானாக வந்துவிட்டது. இந்த ஆளை ரொம்ப நாளாகத் தெரியும் என்று மனசு இளகியது. நம்பலாம் என்று பட்டது. வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடக் கூப்பிடலாம் என்றுகூட.

சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்களுக்கும் மூணாம் நம்பரா?"

"எங்கம்மா அவரை சாமுவேல் அண்ணன்னு கூப்பிடுவாங்க," என்றார் எபினேசர், தலையைக் குனிந்தபடி.

மாறனை முதன்முதலில் பார்த்தது அவன் டாக்டராக இருந்த பல் ஆஸ்பத்திரியில். கடைவாய்ப் பல் பிடுங்கப் போனவளிடம், "வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன்," என்று சொல்லி, ஒரு நிறுத்தம் விட்டு, "வலிச்சா நீங்களே சொல்லிருங்க," என்றான். பிறந்ததிலிருந்து தெரிந்தவன் போல இருந்தது. அதற்குக் காதல் என்று பெயர் வைத்தாள். இப்போது எதிரே உட்கார்ந்திருக்கும், தலை நரைக்கத் தொடங்கிய இந்த மனிதரிடமும் அதேதான் தோன்றியது. அப்படியானால் அதற்குப் பெயர் என்ன?

"வழி ஏதாவது இருக்கா?" என்றாள். குரல் அவளுக்கே கரகரப்பாகக் கேட்டது. "வேற மாமாவா மாத்துங்க."

"ஆளை மாத்தினா பழைய முறை அழியாது மேடம். உங்களுக்கு வரப்போற மாமியார் விட மாட்டாங்க, கூடப் பொறந்த அண்ணனை எப்படி மாத்துவேன்னு கேப்பாங்க. அப்படிக் கேட்ட கேஸ் நான் பாத்திருக்கேன். ஆனா முறையைத் திருத்தலாம். பையன் வீட்ல அவர் அம்மாவோட அண்ணன் இல்ல, அப்பாவோட தம்பி, நாங்கதான் தப்பாப் பதிஞ்சிட்டோம்னு ஒரு திருத்தம் போட்டுருவோம்."

கோதை விரல் விட்டுப் பார்த்தாள். எனக்குத் தாய்மாமன். மாறனுக்குச் சித்தப்பா. அப்போது மாறன் எனக்கு...

"மாமன் மகன் முறை," என்றார் எபினேசர். "கட்டிக்கிற முறை. ஜம்முனு கல்யாணம் நடக்கும்."

"பைத்தியக்காரத்தனமா இருக்கு."

"இருக்கு. ஆனா ஒண்ணு. முறை மாறினா குணமும் மாறும். மாமான்னா செல்லம். பங்காளி வீட்டு ஆளுன்னா தட்டிக் கேட்பாரு. பிள்ளைக்கு ரெண்டும் வேணும்னுதான் ஜோடியாத் தர்றோம். பாதிப் பேரு மாமாவை மட்டும் எடுத்துட்டுப் போயிருவாங்க. மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டு வாங்க."

* * *

மாறனிடம் பேச ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"மாத்திருவோம்," என்றான் வண்டியில் சாய்ந்தபடி. "மாமா போனா என்ன, மாமனாரு வர்றாரே."

"ஜோக் அடிக்காத மாறா."

"சரி, அடிக்கல. என்ன சொல்லணும்?"

"பல் டாக்டர் ஆகணுமான்னுகூட அவர்கிட்டக் கேட்டுத்தானே முடிவு பண்ணின? தினம் ராத்திரி அவர்கிட்டப் பேசாமத் தூங்க மாட்ட. அந்த ஆளு நாளையிலிருந்து இருக்க மாட்டாரு. உனக்கு ஒண்ணும் இல்லையா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். தோள் குலுங்கியது. கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குலுங்கலைப் பார்க்கவே முடியவில்லை. அந்த நிச்சயதார்த்த நாள்வரை அதற்காகவே அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தான் கோதை," என்றான்.

எனக்காகவா, எனக்குள் இருக்கும் மாமாவுக்காகவா என்று கேட்க நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கூடத்துத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். "மாமா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வா மருமகளே, மொகத்தக் கழுவிட்டு வா. எது தெரியுமான்னு கேக்குற?" என்றார் தங்கவேல்.

"அவனும் உன் பிள்ளைதான்னு."

"நீ பல் வலிக்குப் போயிட்டு வந்து அவனைப் பத்திச் சொன்ன பாரு, அன்னைக்கே தெரியும். என்னையத்தான் வர்ணிச்சுக்கிட்டு இருந்த."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த தாயி."

"அதனால?"

"அதனாலன்னா? மாமன் வேலை வேறென்ன?"

"என்னிக்காவது, ஒரு தடவையாவது, இது வேணாம்டின்னு சொல்லியிருக்கியா மாமா? நான் படிச்ச படிப்பு எனக்குப் பிடிக்கலைன்னு உனக்குத் தெரியும். நல்லாருக்கும்னு சொன்ன. அந்த ரயில் கண்ட்ரோல் ரூம் வேலை எனக்கு ஆகாதுன்னு தெரியும். ஜமாய்ன்னு சொன்ன. நான் எதைச் சொன்னாலும் ஆமாம். கத்தினாலும் ஆமாம். செவுத்துல முட்டிக்கிட்டாலாவது தலை வலிக்கும். உன்கிட்ட முட்டினா அதுகூட இல்ல."

தங்கவேல் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்படுவது போலத்தான் இருந்தது. மீசை தொங்கிப்போனது.

"வேணாம்னு சொல்றதுக்கு ஒங்க வீட்ல யாரையும் வைக்கலையேம்மா," என்றார். "ஒங்கப்பாதான் பங்காளி வேணாம்னுட்டாரு. வீட்ல சண்டை வரும்னு."

* * *

இரண்டாவது நிச்சயதார்த்தம் அதே மண்டபத்தில், ஒரு முற்பகலில் நடந்தது. இந்திராணி மறுபடியும் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். திருத்திய பதிவு வந்ததும் அவருக்கு நிம்மதி. "நான் அப்பவே நினைச்சேன், எனக்கு அண்ணன் ஏது? எல்லாம் இவரோட தம்பி," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி கிடைத்த மாறனின் அப்பா என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

மாறன் இளைத்திருந்தான். கோதை பேச்சுக் கொடுத்தாள். ஒற்றைச் சொல்லாகப் பதில் வந்தது. சரியாகத் தூங்கி நாளாகிறது போல.

அந்தப் பக்க நாற்காலியில் குருசாமி சித்தப்பா. அதே ஒல்லி முகம், அதே தடித்த கண்ணாடி. உட்கார்ந்திருக்கிற விதம்தான் வேறு. மாமாவாக இருந்தபோது சாய்ந்து உட்கார்வார். இப்போது விறைப்பாக, சபையை ஒரு பார்வை பார்த்தபடி இருந்தார். மல்லிகைச் சரத்தைக்கூட யாரும் அவர் மேல் சுற்றத் துணியவில்லை.

இந்திராணி தட்டை எடுத்தார். சுகந்தி எழுந்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றார் சித்தப்பா.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"பையன்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

"அவன் ஆசைப்பட்டுத்தானே கொழுந்தனாரே..." என்றார் இந்திராணி.

"ஆசைப்பட்டது ஊருக்கே தெரியும் அண்ணி. எதுக்குன்னு கேட்டீங்களா?" கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கண்கள் மாறனிடம் திரும்பின. "டேய். இங்க வா. தலையச் சொறியாத. இந்தப் பொண்ணுகிட்ட, உன் மாமன்கிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணு சொல்லு. தட்டு மாத்திருவோம்."

"மாமான்னு ஒருத்தர் கிடையாதே. பதிவுல திருத்தியாச்சுல்ல?" என்று இந்திராணி பதறினார்.

"பதிவுல இல்ல. பையன் உடம்பு பூரா இருக்காரே."

மாறன் வாயைத் திறந்தான். இந்த மாதிரி இக்கட்டில் எல்லாம் அவனுக்கு ஒரு வரி கிடைத்துவிடும். சபையே சிரிக்கும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். இன்று அந்த வரி வரவில்லை. கோதைக்குப் பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு மாதமாகத் தனக்குள்ளேயே அவள் கேட்டுக் கேட்டு ஒதுக்கி வைத்த கேள்வியை, நாலு பேர் நடுவில் ஒரு திரை போட்டு உடைத்துவிட்டது.

இந்தப் பக்கத்து நாற்காலியில் தங்கவேல் மாமா முகத்தில் ஒரு கனிவு பரவியது. "ஏப்பா தம்பி," என்று ஆரம்பித்தார். "நல்ல நேரம் போகுது. சின்னஞ்சிறுசுகள..."

கோதை எட்டி, பொத்தானை அழுத்தித் திரையை அணைத்தாள்.

"கோதை," என்று சுகந்தி அலறினாள். "சபையில தாய்மாமனைப் போயி..."

"கொஞ்ச நேரம்மா."

நினைவு தெரிந்ததிலிருந்து தன் பக்கம் நின்ற ஆளை, சபை நடுவில், விரலால் அணைத்திருந்தாள். இப்போது தனக்காகப் பேச யாரும் இல்லை. தானும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள்தான். மாறனிடம், மாமாவிடம் இல்லாதது என்ன? தேடிப் பார்த்தாள். வெறுமைதான் இருந்தது.

"தெரியல சித்தப்பா," என்றான் மாறன்.

நிறுத்தம் இல்லை, நயம் இல்லை. சாதாரணமான, கொஞ்சம் திக்கும் குரல். பயந்த குரல். கோதை அவனைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு குரல் இவனுக்கு இருப்பது அவளுக்குத் தெரியாது.

"தெரியலன்னா?" என்று இந்திராணி தட்டோடு எழுந்தார். "டேய், மானத்த வாங்காத. ஏதாவது சொல்லித் தொலைடா."

"எனக்கும் தெரியல அத்தை," என்றாள் கோதை.

யார் முதலில் கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. சுகந்தி அழுதாள். அப்பாக்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போன் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். சித்தப்பா மட்டும் அசையவில்லை. "சோறு ஆறுது. பெரியவங்க எல்லாம் போய்ச் சாப்பிடுங்க. அதுக இருக்கட்டும்," என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கு மறுபேச்சு பேசி யாருக்கும் பழக்கமில்லை. முனகிக்கொண்டே பந்திக்குப் போனார்கள். கூட்டம் நகர்ந்ததும் அவரும் தானாகவே அணைந்துகொண்டார்.

கோதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மாறனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பட்டுப்புடவை மடிப்பு கலைந்தது. கலையட்டும்.

எதைச் சொல்ல வாயெடுத்தாலும், இது நான் சொல்வதா, மாமா சொல்வதா என்று இருவருக்கும் நாக்கு நின்றுவிட்டது. பந்தியிலிருந்து இலைச் சத்தமும், "சாம்பார் இந்தப் பக்கம்" என்ற குரலும் வந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு பெண் இரண்டு கிண்ணங்களில் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மாறன் கிண்ணத்தை எடுத்தான். உற்றுப் பார்த்தான். திருப்பிக் கீழே வைத்தான்.

"எனக்குப் பாயசம் பிடிக்காது," என்றான்.

கோதை நிமிர்ந்தாள். போன மாதம்கூட அவள் கையால் செய்ததை இரண்டு தடவை வாங்கிக் குடித்தவன்.

"மாமா தனக்குப் பிடிக்கும்னு சொல்லுவாரு. அதனால சின்னதுலருந்து குடிக்கிறேன்."

"வாயே இல்லாத ஆளுக்காகவா?"

"ம்."

அவன் முகத்தில் வெட்கமா கோபமா என்று சொல்ல முடியாத ஒன்று இருந்தது. கோதை அவனுடைய கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சரி," என்றாள். "வேற?"